தண்ணீரில் தத்தளிக்கும் தரைச்செடி

மீன்தொட்டிக்கென்றே கேட்டு, மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக இலையுள்ள செடி வாங்கினேன். மூன்றே வாரத்தில் இலைகள் கொழகொழத்து உதிர்கின்றன. உரம் போடலாமா?
– வாசகி, திருச்சி

உரம் வேண்டாம், முதலில் வெளியே எடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் ஹெமிகிராஃபிஸ் செடிக்குப் பொருந்துகிறது. அது நிழலான ஈரமண்ணில் வளரும் தரைச்செடி. மீனோடு சேர்த்து வைத்தால் நீந்தவா கற்றுக்கொள்ளும்?

காற்றைவிடத் தண்ணீரில் கரியமில வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மெழுகுப்பூச்சுள்ள தரைச்செடி இலைக்கு அது போதாது. சேமித்த மாவுச்சத்து தீரும்வரை பச்சையாக நின்று ஏமாற்றும். பிறகு அழுகி, மீனுக்கு ஆகாத அம்மோனியாவைக் கிளப்பும். அழுகிய இலைகளைக் கிள்ளிவிட்டுப் பூந்தொட்டியில் நடுங்கள். தண்டு கெட்டியாக இருந்தால் துளிர்த்துவிடும்.

லக்கி பாம்பூ, சிங்கோனியம் கதையும் இதுதான். அவற்றின் வேர் தண்ணீரில் இருக்கலாம், இலை வெளியே இருக்க வேண்டும். மணி பிளான்டையும் அப்படித் தொட்டி விளிம்பில் செருகினால், மீன்கழிவால் சேரும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்த முறை வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பின்னிரண்டின் கிழங்குத்தண்டை மணலில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள்.