வாசல் முதல் வகுப்பறை வரை: சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் பள்ளிப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் சேர்த்தாயிற்று. சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், சிறப்பாசிரியர் வந்துபோகிறார். ஆனாலும் பிள்ளை மாதத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறான். கேட்டால், “கொண்டுபோய் விட ஆள் இல்லைங்க” என்பார்கள். தமிழ்நாட்டில் பல மாற்றுத்திறன் குழந்தைகளின் படிப்பு வழியிலேயே நின்றுபோகிறது.

வண்டி கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கிறோம். வண்டி என்பது பயணத்தின் நடுப்பகுதி மட்டும்தான். ஏற்றிவிடும் கை, இறக்கிக்கொள்ளும் கை இரண்டும் உறுதியானால்தான் ஏற்பாடு நிலைக்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக, முதல் படியிலிருந்து பார்ப்போம்.

## படி 1: வழியைத் துண்டு போட்டு எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: வீட்டிலிருந்து தெருமுனை வரை, வண்டியில் ஏறுவது, வண்டிக்குள், பள்ளி வாசலிலிருந்து வகுப்பு இருக்கை வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே குழந்தை தானாகச் செய்வது எது, கை தேவைப்படுவது எதில், ஆபத்து எங்கே என்று குறியுங்கள்.

எழுதியதும் தேவை துலங்கும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் தனி வண்டி வேண்டியிருக்காது; சாலையைக் கடக்கத் துணை போதும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குச் சாய்ந்து உட்கார இடமும் பெல்ட்டும் வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நெரிசலும் ஹாரன் சத்தமும் வழி மாறுவதும்தான் பெரும் தொல்லை. வேண்டியது வண்டியா, ஆளா, இரண்டுமா என்பது தெரியாமல் மனு எழுதினால், கிடைப்பது பயன்படாமல் போகும்.

## படி 2: உரிமை எங்கிருந்து வருகிறது?

அலுவலகத்தில் பேசும்போது இரண்டு சட்டங்களின் பெயர் நினைவில் இருக்கட்டும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009: இதன் விதிகளின்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். பள்ளியே இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ விடுதியோ செய்துதர வேண்டும். உடல்நிலை காரணமாகப் பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறன் குழந்தைக்குப் பாதுகாப்பான போக்குவரத்து ஏற்பாடு செய்வதும் அரசின் கடமை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016: இதன் 16-ஆம் பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைக்குப் போக்குவரத்து வசதி தர வேண்டும் என்கிறது. கூடுதல் துணை தேவைப்படும் குழந்தையென்றால் உடன் வருபவருக்கும் அந்த வசதி உண்டு. இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் தசைச்சிதைவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

## படி 3: காகிதங்களைச் சேருங்கள்

- மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. அட்டை. இன்னும் எடுக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.
- ஆதார், குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு.
- மருத்துவச் சான்றின் நகல். “தனியாகப் பயணிக்க இயலாது, துணை தேவை” என்ற ஒரு வரியை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். துணைக்கு வருபவரின் தேவையை நிறுவ இது உதவும்.
- எமிஸ் என்ற பள்ளி மாணவர் விவரப் பதிவில் குழந்தையின் மாற்றுத்திறன் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அங்கே விடுபட்டால், மேல்மட்ட அலுவலகங்களின் கணக்கில் உங்கள் பிள்ளை இருக்காது.

## படி 4: எந்த வழி பொருந்தும்?

அரசுப் பேருந்து. பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் ஒருவருக்கும் அந்தச் சலுகை விரிவானது. ஆகவே அம்மா கொண்டுபோய் விட்டாலும், அப்பாவோ தாத்தாவோ விட்டாலும், குழந்தையோடு போகும்போது செலவில்லை. துணைக்கு வந்த ஆண் தனியாகத் திரும்பும்போது டிக்கெட் எடுக்க வேண்டும். சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியோடு ஏற அவை வசதி. எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் வருகின்றன என்று டிப்போவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்துப் படி, துணையாளர் படி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதற்கு இடமுண்டு. பேச வேண்டிய இடம் வட்டார வள மையம். பி.ஆர்.சி. என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திட்டத்தின் தேசிய வழிகாட்டுதலில் போக்குவரத்துக்கு ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை வரம்பு. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. ஒரு பிள்ளைக்குத் தனி ஆட்டோ வைக்க இது காணாது. ஒரே வழியில் போகும் நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் மாதம் 2,400. அப்போது ஆட்டோக்காரரோடு பேச வழி பிறக்கும். உங்கள் பகுதியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சிறப்பாசிரியரைக் கேளுங்கள். படி ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று நம்பி மட்டும் வாடகை பேசாதீர்கள்.

வேன், ஆட்டோ. வாடகைக்கு ஓடும் வண்டியின் நம்பர் பிளேட் மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் ஆம்னி வாடகை குறைவாகக் கேட்டாலும் வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். ஐந்து பிள்ளைகளுக்கு மேல் அடைக்கும் ஆட்டோவையும் தவிருங்கள்.

வீட்டுவழிக் கல்வி. கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தை இதைத் தேர்ந்துகொள்ளலாம் என 2012-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தத் தேர்வு உங்களுடையது. “வண்டி இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும்” என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

## படி 5: மனு கொடுங்கள்

வாயால் கேட்டது கோப்பில் ஏறாது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்:

*“என் மகள் தங்கள் பள்ளியில் 4-ஆம் வகுப்பு படிக்கிறாள். மூளை முடக்குவாதம் காரணமாகத் தனியே நடக்க இயலாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே 2 கி.மீ. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-இன்படி அவளுக்கும் துணைக்கு வருபவருக்கும் போக்குவரத்து வசதி செய்துதரக் கேட்டுக்கொள்கிறேன்.”*

தலைமையாசிரியருக்கு ஒன்று, வட்டார வள மையத்துக்கு ஒன்று. நகலில் தேதியோடு கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தான். கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

## படி 6: ஓட்டுநரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

வண்டியை நீங்களே ஒருமுறை ஏறிப் பாருங்கள். தளத்தைக் குனிந்து பாருங்கள். 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் தமிழ்நாட்டில் வந்தன.

பிறகு ஓட்டுநரிடமும் உதவியாளரிடமும் ஒரு அட்டை கொடுங்கள். குழந்தையின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள், மருந்து, பயப்படுவது எதற்கு, அமைதியாவது எதனால் என்பவை அதில் இருக்கட்டும். இரண்டு செய்திகளை நேரில் சொல்லுங்கள்:

- வலிப்பு வந்தால்: வண்டியை ஓரம் கட்டி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் இரும்பும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.
- ஒப்படைப்பு: பிள்ளையை யார் யாரிடம் விடலாம் என்று புகைப்படத்தோடு எழுதிக் கொடுங்கள். அவர்கள் இல்லையென்றால் பிள்ளையை இறக்கக் கூடாது. பள்ளி வாசலில் வாங்கிக்கொள்பவர் யார் என்பதையும் தலைமையாசிரியர் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

பேச இயலாத குழந்தையை வண்டியில் ஓட்டுநரோடு தனியே அனுப்பாதீர்கள். முதலில் ஏறி, கடைசியில் இறங்கும் பிள்ளையாக அவள் இருந்தால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

## படி 7: பழக்கப்படுத்துங்கள்

விடுமுறை நாளில் அதே நேரத்தில், அதே வழியில் கூட்டிப்போங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வாசல், வண்டி, பாலம், பள்ளி என்று படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டுங்கள். முதல் சில நாள் கூடவே போங்கள், பிறகு பள்ளி வாசலில் காத்திருந்து வாங்குங்கள், அதன்பின் விலகுங்கள். வீடு திரும்பியதும் உடம்பில் சிராய்ப்பு, ஈரமான உடை, திடீர்ப் பயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## படி 8: ஏற்பாடு நின்றுபோனால்

முதலில் வட்டார வள மையம், அடுத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் முத்திரையிட்ட நகலோடு போங்கள். போக்குவரத்துப் படி ஒதுக்கப்பட்டதா என்று தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். குழந்தையிடம் யாராவது அத்துமீறினால் வேறெங்கும் அலையாமல் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

## எப்போது தொடங்குவது?

ஏப்ரலில், படி 1-இல் சொன்ன வழித்தாளையும் மருத்துவச் சான்றையும் தயார் செய்யுங்கள். மே மாதம் அதே வழியில் போகும் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் பேசுங்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மனு போகட்டும். காலாண்டு விடுமுறையில் வழித்தாளை எடுத்து மறுபடி பாருங்கள்: பிள்ளை வளர்ந்திருப்பாள், சென்ற ஆண்டு தூக்கி ஏற்றிய படியில் இப்போது கைபிடித்து ஏறக்கூடும். துணை குறைய வேண்டிய இடத்தில் குறைவதும் இந்த ஏற்பாட்டின் நோக்கம்தான்.