1433-ஐ யாருக்குத் திறப்பது?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் கடை, அடையாறில் கிளை, மயிலாப்பூரில் ஆடிட்டர். மூன்று இடத்துக்கும் ஒரே பில்லிங் டேட்டாபேஸ் தெரிய வேண்டும். சாஃப்ட்வேர் போட்டுத் தருபவர் ரவுட்டரில் எஸ்கியூஎல் சர்வருக்கான 1433 போர்ட்டைத் திறந்துவிட்டு, "இனி எங்கிருந்தும் வரும் சார்" என்பார். வரும்தான், ஆடிட்டருக்கு மட்டுமல்ல.

நம்பிக்கை: நம்ம சின்னக் கடையை எவன் தேடப்போகிறான்?

உண்மை: யாரும் தேடுவதில்லை. எல்லா ஐபி முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்க்க நிரல்கள் இருக்கின்றன. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ஸீமேப், ஒரே கணினியிலிருந்து இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் சுற்றி வந்தது. அதற்கும் பத்தாண்டு முன்பு, 2003 ஜனவரி 25 அன்று, ஸ்லாமர் என்ற புழு மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர்களில் புகுந்தது. ஓட்டை அடைக்கப்படாமல் இருந்தவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் பத்தே நிமிடத்தில் விழுந்தன. அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது! பலருக்குத் தங்கள் கணினியில் அப்படியொரு சர்வர் ஓடுவதே தெரியாது. வேறு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இன்று பில்லிங் சாஃப்ட்வேரோடு எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் வருகிறதே, அதே கதைதான்.

நம்பிக்கை: பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே.

உண்மை: நல்லது. ஆனால் ஸ்லாமர் பாஸ்வேர்டே கேட்கவில்லை. பாஸ்வேர்டு போட மறப்பவர்களும் சின்னக் கடைக்காரர்கள் மட்டுமல்ல. எஸ்பிஐ குவிக் சேவையின் மும்பை சர்வர் ஒன்று பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்தது 2019 ஜனவரியில் வெளியே வந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போன இருப்புத்தொகைக் குறுஞ்செய்திகள் அதில் இருந்தன.

போர்ட் எண்ணை மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்பவர்களும் உண்டு. சில நாள் தாமதம், அவ்வளவே.

நம்பிக்கை: அப்படியானால் வெளியிலிருந்து இணைப்பே கூடாது.

உண்மை: தாராளமாகக் கூடும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் வெளியிணைப்புக்கு வேண்டிய டிசிபி/ஐபி அணைந்தே வரும். அதை இயக்குவதில் தவறில்லை. ஆடிட்டரின் ஐபியை மட்டும் ஃபயர்வாலில் அனுமதிக்கலாம், ஆனால் வீட்டு பிராட்பேண்டில் அது அடிக்கடி மாறும். இரண்டு முறை திருத்திவிட்டு, மூன்றாம் முறை "எல்லோருக்கும்" என்று வைத்துவிடுவார்கள். கடைக்கும் கிளைக்கும் ஆடிட்டருக்கும் இடையே வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் போட்டால் 1433-ஐ இணையத்துக்குக் காட்டவே வேண்டாம். மென்பொருள் இலவசம்; அமைக்க ஒரு பிற்பகல் போதும்.

ஆடிட்டருக்குத் தனிக் கணக்கு, படிக்கும் உரிமை மட்டும். முழு அதிகாரமுள்ள 'எஸ்ஏ' கணக்கைத் தர வேண்டாம். அவர் தங்கமானவர்தான்; அதே லேப்டாப்பில் அவர் பையன் கேம் இறக்குகிறானே!