வரலாற்றுப் புத்தகத்தைப் படிப்பது எப்படி?

தவணைப் பரீட்சை நெருங்கினால் பல வீடுகளில் ஒரே காட்சிதான். பிள்ளை வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து, முதற் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கும். ஆண்டுகளையும் பெயர்களையும் உருப்போடும். பரீட்சை மண்டபத்தில் 1867 என்பது நினைவுக்கு வரும். அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பது வராது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலையகத்தில் பல குடும்பங்களை வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேற்றின. உறவினர் வீட்டிலோ பொது மண்டபத்திலோ தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அமைதியான இடமும் நீண்ட நேரமும் கிடைப்பது அரிது. ஆகவே குறைந்த நேரத்தில் படித்தது மனதில் நிற்க வழி தேடுவோம்.

புத்தகம் சேற்றில் போயிருந்தால் முதலில் பாடசாலை அதிபரிடம் சொல்லுங்கள். பாடப்புத்தகம் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது, கேட்பதில் வெட்கமில்லை. அது கிடைக்கும்வரை ஒரு புத்தகத்தை இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து படிக்கலாம்.

1. தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

பாடத்தை வாசிக்கத் தொடங்குமுன் தலைப்புகள், படங்கள், வரைபடங்கள், முடிவிலுள்ள பயிற்சி வினாக்கள் ஆகியவற்றை ஒருமுறை பாருங்கள். 'பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை' என்று தலைப்பு இருந்தால், அதைக் கேள்விகளாக மாற்றிக் கொப்பியில் எழுதுங்கள். பெருந்தோட்டம் ஏன் வந்தது? யாருடைய காணியில் வந்தது? வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? இனி வாசிப்பது இக்கேள்விகளுக்கு விடை தேடுவதற்காகவே.

2. 'ஆகையால்' என்று கோத்துப் படியுங்கள்

வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி அடுத்ததற்குக் காரணமாகிறது. மேற்சொன்ன பாடத்தையே பாருங்கள்.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. பின்னர் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்குக் காணி தேவைப்பட்டது. ஆகையால் 1840இல் ஒரு சட்டம் வந்தது. உரிமையை நிரூபிக்க முடியாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவை எனக் கருதப்பட்டு, துரைமாருக்கு விற்கப்பட்டன. கண்டிய விவசாயிகளில் பெரும்பாலோர் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகையால் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கோப்பியைக் கொழும்புக்கு இறக்க மாட்டுவண்டி போதவில்லை. ஆகையால் ரயில் பாதை போட்டார்கள். 1867இல் அது கண்டியை எட்டியது.

1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஆகையால் துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அது முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். கொழுந்தோ ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டியது. ஆகையால் தொழிலாளர்கள் குடும்பமாக லயங்களில் தங்கிவிட்டார்கள்.

இப்படிக் கோத்துப் படித்த பிள்ளைக்கு 'தேயிலைப் பயிர்ச்செய்கையால் ஏற்பட்ட சமூக மாற்றங்கள் யாவை?' என்று வினா வந்தாலும், 'கோப்பி வீழ்ச்சியடைந்த காரணம் யாது?' என்று வந்தாலும் பயமில்லை. ஒரு கண்ணி மறந்தாலும் மற்றது இழுத்து வரும்.

3. ஆண்டுகளுக்கு ஊரிலே முளையடியுங்கள்

மாட்டைக் கட்ட முளை வேண்டும். ஆண்டுகளுக்கும் அப்படியே. ஒரு பாடத்துக்கு ஐந்தாறு முக்கிய ஆண்டுகளைத் தெரிந்து, அறிந்த இடத்தோடு கட்டுங்கள். 1885இல் ரயில் நானு ஓயாவுக்கு வந்தது. அங்கிருந்து நுவரெலியா வழியாக ஒரு சிறு ரயில் 1903இல் நம் கந்தப்பளைக்கும், 1904இல் இராகலைக்கும் வந்தது, 1940களில் நின்றுபோனது. 1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். ஒரே ஆண்டில் இரண்டும் எப்படி நடந்தன என்று கேட்கும் பிள்ளை 1948ஐ மறக்காது.

4. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லுங்கள்

இதுவே மிக முக்கியம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் மாணவரிடையே நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வாரம் சென்றபின், வாசித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். வாசிக்கும்போது 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவது ஏமாற்று. ஆகவே இரண்டு பக்கம் வாசித்ததும் மூடுங்கள், வாயால் சொல்லுங்கள், விட்டதைத் திறந்து பாருங்கள். மறுநாளும், மூன்று நாள் கழித்தும் அதையே மீண்டும் சொல்லுங்கள். வரைபடத்தையும் இப்படியே பார்க்காமல் வரைந்து குறியுங்கள்.

5. பெற்றோரே, உங்களுக்கும் வேலை உண்டு

'எங்களுக்கு எழுத்து வாசனை இல்லையே' என்று ஒதுங்க வேண்டாம். இராச் சோறு ஆக்கும்போது பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இடையிலே 'ஏன் அப்படி?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வராத இடமே இன்னும் படிக்க வேண்டிய இடம். பாட்டன் பூட்டன் வந்த கதையையும் சொல்லுங்கள். பரீட்சையில் எழுத வேண்டியது புத்தகத்தில் உள்ளது; ஆனால் உங்கள் கதை அதற்கு உயிர் கொடுக்கும்.

யோசுவா நூலில், யோர்தானைக் கடந்த மக்கள் பன்னிரு கற்களை நாட்டி வைத்தார்கள். 'இந்தக் கற்கள் என்ன?' என்று பிள்ளைகள் பிற்காலத்தில் கேட்பார்கள். அப்போது பெற்றோர் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். வீட்டை இழந்தவரும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய சொத்து அது.

கலந்துரையாடுவதற்கு:
1. உங்கள் குடும்பம் இப்பகுதிக்கு வந்தது எப்போது, ஏன்? 'ஆகையால்' சேர்த்துச் சொல்லுங்கள்.
2. நீங்கள் தங்கியிருக்கும் இடத்தில் பிள்ளைகள் சேர்ந்து படிக்க மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? யார் பொறுப்பெடுப்பார்?