உள்ளே போனதும் வெளியே சொல்லாததும்

அன்புள்ள பெறாமகளுக்கு,

கோலூன்றிப் பாய்தலில் மாகாண மட்டத்துக்குத் தெரிவாகிவிட்டாய் என்று அக்கா சொன்னா. தோள்மூட்டு நோவுக்குப் பரியாரியாரிடம் சூரணம் வாங்கித் தந்ததையும் சொன்னா. இந்த இரண்டாவது சேதிதான் எழுத வைத்தது.

2011 உலகக் கிண்ணத்தில் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்கவுக்கும் தோள்மூட்டில்தான் நோவு. மூலிகை மருந்து எடுத்தார். நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் எடுத்த சிறுநீர் மாதிரியில் பிரட்னிசொலோனின் தடயம் இருந்தது. முட்டு வருத்தக்காரருக்கு எங்கள் ஆசுபத்திரிகளில் கொடுக்கிற அதே ஸ்டீரொயிட் குளிசை. ஓட்டம் குவிப்பதற்காக அவர் அதை எடுக்கவில்லை என்று தீர்ப்பாயமே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடை போட்டது.

நீதவான் நீதிமன்றத்தில் களவு வழக்கென்றால், களவெடுக்கும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். ஊக்கமருந்துச் சட்டத்தில் அந்தக் கேள்வி பின்னுக்குத்தான் வரும். உன் உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால் மீறல் மீறல்தான். யார் தந்தது, தெரிந்து எடுத்தாயா, தெரியாமலா என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே உதவும்.

கொடுமை போலத் தெரியும். ஆனால் சுசந்திகா ஜயசிங்கவை நினைத்துப் பார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி வெண்கலம் வாங்கினார். வெள்ளி வாங்கியவரின் நேரம் 22.27. முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் 21.84. சிட்னியில் ஜோன்ஸ் எந்தப் பரிசோதனையிலும் பிடிபடவில்லை. ஊக்கமருந்து எடுத்ததை ஏழு வருடம் கழித்து, 2007இல், தானே ஒப்புக்கொண்டார். ஆளிவிதை எண்ணெய் என்று சொல்லித்தான் பயிற்றுநர் தந்தார் என்றார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 டிசெம்பரில். ஒன்பது வருடம். ‘எண்ணெய் என்று நினைத்தேன்’ என்ற ஒரு சொல்லோடு எல்லாரையும் விட்டுவிடலாம் என்றால் அந்த வெள்ளி வந்தே இருக்காது.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று பயிற்றுநர்கள் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை. போட்டி முடிந்ததும் ஒருவர் வந்து உன் பெயரைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய கண் உன்மேலேயே இருக்கும். மூடிய பெட்டிகள் சிலவற்றிலிருந்து ஒன்றை நீயே தெரிவுசெய்ய வேண்டும். சிறுநீர் எடுக்கும்போது ஒரு பெண் அதிகாரி நேருக்கு நேர் பார்த்தபடி நிற்பார். வெட்கமாய்த்தான் இருக்கும். குறைந்தது 90 மில்லிலீற்றர் வேண்டும். ஏ, பி என்ற இரண்டு போத்தல்களுக்குள்ளும் நீயே ஊற்றி, மூடியைத் திருகி, இலக்கங்களைச் சரிபார்க்க வேண்டும். கடைசி ஏழு நாளில் எடுத்த மருந்தெல்லாம் படிவத்தில் வரவேண்டும், சூரணமும்தான். உனக்குப் பதினெட்டு ஆகாதபடியால் அம்மாவையோ ஆசிரியையையோ கூட அழைத்துப் போகலாம். கூட வருபவர் உன்னைப் பார்க்க வருவதில்லை, அதிகாரி ஒழுங்காக நடக்கிறாரா என்று பார்க்கத்தான்.

இதெல்லாம் கொழும்புப் பெரிய ஆட்களுக்கு என்று நினைக்காதே. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் பாடசாலைப் பிள்ளைகளையும் சோதிக்கிறது. பாடசாலை றகர் வீரர்கள் பிடிபட்டும் இருக்கிறார்கள்.

ஆய்வுகூடமும் பிழைவிடும். ஊக்கமருந்து எடுத்தார் என்று கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை 2015 டிசெம்பரில் நியூசிலாந்துப் பயணத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மே மாதம் குற்றச்சாட்டையே மீளப்பெற்றார்கள். இடையில் வந்த இருபது20 உலகக் கிண்ணத்தை யார் திருப்பித் தருவது? உன் கையில் இருக்கிற போத்தல் இலக்கங்களையாவது நிதானமாகப் பார்.

அடுத்தது ஆட்டநிர்ணய சதி. லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணி 2020இல் முதற்கிண்ணத்தைத் தூக்கிய பிறகு எங்கள் பெடியளும் அந்த உலகத்துக்குள் போய்வருகிறார்கள். காசு வாங்கித் தோற்பதுதான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சனத் ஜயசூரியவுக்கு 2019இல் இரண்டு வருடத் தடை கிடைத்ததே, அவர் ஆட்டத்தை விற்றார் என்று ஒருவரும் குற்றஞ்சாட்டவில்லை. சர்வதேச கிரிக்கெட் பேரவையின் ஊழல் தடுப்புப் பிரிவின் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை, இடைஞ்சல் செய்தார் என்பதே குற்றம்.

பிரவீன் ஜயவிக்ரமவின் கதை இன்னும் துயரம். 2021இல் பல்லேகலவில் பங்களாதேஷுக்கு எதிராக அறிமுக டெஸ்டிலேயே 11 விக்கெட் எடுத்த பையன். சதிக்காரர் அணுகியதைத் தாமதமின்றி அறிவிக்கவில்லை என்றும், வந்த செய்திகளை அழித்தார் என்றும் குற்றச்சாட்டு. விசாரணைக்குத் தடங்கல் செய்ததை 2024இல் ஒப்புக்கொண்டார். ஒரு வருடத் தடை, அதில் ஆறு மாதம் ஒத்திவைப்பு. யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் நாங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம். இந்தச் சட்டம் அதற்கு நேரெதிராக, உடனே போய்ச் சொல் என்கிறது.

நாட்டுச் சட்டம் இன்னும் கடுமை. 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி ஆட்டநிர்ணய சதிக்குப் பத்து வருடம் வரை சிறை, பத்துக் கோடி ரூபா வரை தண்டம். தெற்காசியாவில் இதற்கென்று சட்டம் கொண்டுவந்த முதல் நாடு இலங்கை. கிரிக்கெட் மட்டுமில்லை, உன் கோலூன்றிப் பாய்தலும் ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்குள் அடங்கும்.

ஒழுக்கக்கேட்டைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 2021இல், கொரோனாக் கட்டுப்பாடுகளை மீறி இங்கிலாந்தின் டர்ஹம் தெருவில் உலாவிய எங்கள் கிரிக்கெட் வீரர்கள் மூவரை ஒரு இரசிகரின் காணொளி காட்டிக்கொடுத்தது. ஆளுக்கு ஒரு கோடி ரூபா தண்டமும் ஒரு வருடச் சர்வதேசத் தடையும் வந்தன. அது நீதிமன்றத் தண்டனை இல்லை, கிரிக்கெட் சபையே விதித்தது. அணியோடு வெளியே போகும்போது கையெழுத்து வைக்கிற தாளை ஒருமுறை வாசித்துவிட்டு வை.

சனிக்கிழமை துரையப்பா அரங்கில் பயிற்சி என்றாய். சூரணப் போத்தலையும், உடற்பயிற்சி நிலையத்துப் பெடியன் தந்த மாவு டின்னையும் பையில் போட்டுக்கொண்டு வா. ஜனவரி முதலாம் திகதி வந்த புதுத் தடைப்பட்டியல் கையில் இருக்கிறது. டின்னில் ஒட்டியிருப்பதை வாசித்துப் பார்க்கலாம். சூரணத்தில் ஒன்றும் ஒட்டியிருக்காது என்பதால் பரியாரியாரிடமும் ஒரு நடை போய்வர வேண்டும்.

அன்புடன்,
சித்தி