மிஷ்ரியும் ப்ரீ ராடிகலும்

புகைத்தால்தானே கெடுதி என்பார் பலர். புனேயில் பயிலும் நமக்கு மிஷ்ரி புதிதன்று. புகையிலையைச் சூடேறிய தட்டில் கருக வறுத்துப் பொடித்த கரிய தூள் அது. பெண்கள் பலர் ஈறில் தேய்ப்பர். சிகரெட்டை வெறுக்கும் வீட்டிலும் பற்பொடியின் பெயரால் நுழைந்துவிடுகிறது!

வறுக்கும்போதே பென்சோபைரீன் உண்டாகிறது. உடலின் என்சைம்கள் இதில் ஒரு பகுதியைக் குவினோனாக மாற்றுகின்றன. குவினோன் ஓர் எலெக்ட்ரானைப் பெற்று ஆக்ஸிஜனுக்குத் தரும். மீண்டும் பெறும், மீண்டும் தரும். இந்த ஓயாத கொடுக்கல் வாங்கலில் பிறப்பதே சூப்பராக்சைடு. ஜோடியில்லா எலெக்ட்ரானை உடைய இத்தகைய துகளையே ப்ரீ ராடிகல் என்கிறோம். அது ஹைட்ரஜன் பெராக்சைடாகி, இரும்பு அயனியைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ராடிகல் தோன்றும். முன்னிரண்டையும் அடக்க உடலில் என்சைம்கள் உண்டு. ஹைட்ராக்சிலுக்கு ஒன்றுமில்லை, பிறந்த இடத்திலேயே எதிர்ப்பட்டதைத் தாக்கும், அது டி.என்.ஏ. ஆயினும் சரி.