பிராங்க்ளின் எழுதிய பொய்க் கட்டளை

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் எலக்ட்ரிகல் பிரிவுக்காரர்களுக்கு இடிதாங்கி ஞாபகம் வரும். ஆனால் அந்த மனுஷன் எழுதிய அரசியல் எழுத்து மின்னலைவிடக் கூர்மையானது.

1706-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்பவர். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணனுடைய அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 16 வயதில் ஒரு விதவையின் பெயரில் 14 கடிதம் எழுதி, ராத்திரியில் அச்சகக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். தம்பி எழுதியது என்று தெரியாமலே அண்ணன் அச்சுப் போட்டார். (எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். இந்த இடத்தை மூணு தடவை படித்தேன்.)

அடுத்தவர் வேஷத்தில் எழுதும் அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. அப்போது அமெரிக்கக் காலனிகள் இங்கிலாந்தின் பிடியில். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: காலனிக்காரன் பிக் அயர்ன் உருக்கி அனுப்பலாம், ஆனால் புதிதாக ரோலிங் மில்லோ ஸ்டீல் உலையோ வைக்கக் கூடாது என்று 1750-ல் சட்டம் வந்தது. மூலப்பொருள் இங்கே, தொழில் அங்கே! தொப்பி செய்வதற்கும் இதே கதிதான்.

லண்டனில் இருந்த பிராங்க்ளின் இதற்குப் பதிலாக 1773 செப்டம்பரில் பத்திரிகையில் ஒரு "அரச கட்டளை" வெளியிட்டார். பிரஷ்ய நாட்டு ராஜா சொல்வதுபோல் அது இருக்கும். இங்கிலாந்தில் ஆதியில் குடியேறியவர்கள் ஜெர்மானியர்கள்தானே? அப்படியானால் இங்கிலாந்து எங்கள் காலனி. இனி ஏற்றுமதி, இறக்குமதிக்கு நாலரை சதவீதம் வரி கட்டு, இரும்பு ஆலை வைக்காதே, எங்கள் ஜெயில் கைதிகளையும் ஏற்றுக்கொள் என்று போகிறது. சிலர் நிஜம் என்றே நம்பிக் கொதித்தார்களாம். கடைசியில்தான் ராஜா சொல்கிறார், இதெல்லாம் இங்கிலாந்தின் சொந்தச் சட்டங்களைப் பார்த்து எடுத்ததுதான் என்று! நம் வாதத்தை அடுக்காமல், எதிராளியின் வாதத்தையே அவன் தலையில் வைப்பது. அவ்வளவுதான் சூத்திரம். சிரித்தார்கள், சட்டம் மாறவில்லை. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

அவரை ஒரேயடியாக உத்தமர் என்று சொல்ல எனக்கு மனசில்லை. அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரமும் வந்தது. வயதான காலத்தில் மாறி, அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக 1790 பிப்ரவரியில் காங்கிரசுக்கு மனுப் போட்டார். ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் அதை எதிர்த்துப் பேசினார். படுக்கையில் கிடந்த பிராங்க்ளின், 84 வயதில், மறுபடி பழைய வேஷத்தை எடுத்தார். இந்த முறை அல்ஜியர்ஸ் நாட்டுப் பெரிய மனிதர் பேசுகிறார்: கிறிஸ்தவ அடிமைகளை விட்டுவிட்டால் இந்த வெயிலில் எங்கள் நிலத்தை யார் உழுவது? எஜமானர்களுக்கு நஷ்டஈடு யார் தருவது? ஜாக்சன் பேச்சின் அச்சு அசல். அடிமையின் நிறம் மட்டும் வெள்ளை.

இது எழுதப்பட்ட தேதி மார்ச் 23. அந்த மாதமே காங்கிரஸ், மாநிலங்களில் அடிமைகளை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்தது. ஏப்ரல் 17-ல் பிராங்க்ளின் இறந்தார். அடிமை முறை ஒழிய 1865 ஆயிற்று.