பிள்ளைக்கு ஜீவனாம்சம்: வழிச்செலவையும் சேர்த்துக் கேளுங்கள்

இந்த மாதம் சட்டப் பாடம்.

புருஷனைப் பிரிந்து, பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிற சகோதரிகள் நம் நெம்மேலி பகுதிக் குழுக்களிலும் இருக்கிறார்கள். "கோர்ட்டுக்கு அலைஞ்சா வர்ற பணம் பஸ்ஸுக்கே போயிடும்" என்று சிலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். "பிள்ளையைக் கண்ணுல காட்டல, நான் ஏன் பணம் தரணும்?" என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. இதன் நடுவே மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

இது யார் பணம்?

இது பிள்ளையின் உரிமை, அப்பா போடும் பிச்சை இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு என்று சொல்வோமே, அதுதான் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. எந்த மதமானாலும் பொருந்தும். முறைப்படி கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் உண்டு. பிள்ளையைப் பார்க்க விட்டால்தான் பணம் என்று இந்தச் சட்டத்தில் நிபந்தனை கிடையாது. பார்ப்பது வேறு விஷயம், பணம் வேறு விஷயம். அம்மா குழுக் கடனில் தொழில் செய்து சம்பாதிக்கிறாள் என்பதால் அப்பாவின் பொறுப்பு போய்விடாது.

எங்கே மனு போடுவது?

அவர் திருப்பூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். மனைவி குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நமக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் வருட சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

வழிச்செலவு

வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். அதோடு வழக்குச் செலவும் கேட்கலாம். நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு போய்வரும் செலவை மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். எதிர் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை இதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்பா பிள்ளையைப் பார்க்க உத்தரவு கேட்டால், எந்த இடம், எத்தனை மணி, பிள்ளையைக் கூட்டிவரும் செலவு யாருடையது என்பதையும் உத்தரவில் எழுதும்படி கேளுங்கள்.

மறக்கக் கூடாத ஒரு வருடம்

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் தீர்ப்பு சொன்னது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும், இருவரும் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நஷ்டம்.

உத்தரவு வந்தும் பணம் தரவில்லையா? ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். 2025 மார்ச்சில் வரவேண்டிய பணத்துக்கு 2026 மார்ச்சுக்குள் போடாவிட்டால், அந்த மாதப் பாக்கிக்கு இந்தச் சட்டப்படி வாரண்ட் கிடைக்காது. "இன்னைக்குத் தரேன், நாளைக்குத் தரேன்" என்பதை நம்பி இருந்தால் கெடு போய்விடும். கெடுவுக்குள் மனு போட்டால், தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை வைக்கலாம். சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது.

நோட்டு போடுங்கள்

குழுக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை. தேதி, வந்த பணம், வராத பணம், பள்ளி பீஸ், மருந்து, பஸ் டிக்கெட் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். பணத்தைக் கையில் வாங்காமல் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் ஜீவனாம்ச உத்தரவு இருந்தும் பணம் வராதவர் உண்டா? எத்தனை மாதப் பாக்கி?
2. அவர் கோர்ட்டுக்குப் போகும் நாளில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, துணைக்கு யார் போவது?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.